ரெண்டு டாலர் நோட்டுல ஆட்டோட இருந்தவர்: ஜான் மெக்கார்தர் பத்தி பேசலாம் வாங்க

ஹாரிஸ்பார்க்காரன்:
எல்லாருக்கும் வணக்கம். நான் சிட்னில ஹாரிஸ் பார்க்ல 9 வருஷமா இருக்கேன். வீட்டுல இருந்து பத்து நிமிஷம் நடந்தா எலிசபெத் ஃபார்ம்னு ஒரு பழைய வீடு வரும், இத்தனை வருஷமும் வேலி வழியா பாத்துட்டே போயிட்டு இருந்தேன், போன மாசம் பொண்ணோட ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்காக உள்ள போனோம். மியூசியம்தான், ஆனா கயிறு கட்டி தள்ளி நில்லுன்னு சொல்றதில்ல, நாற்காலில உக்காரலாம், மேசை டிராயர திறந்து பாக்கலாம். தாழ்வா இறங்கின கூரை, அகலமான தாழ்வாரம், தோட்டத்துல 1805ல நட்டதுன்னு சொல்ற ஒரு ஆலிவ் மரம். 1793ல கட்ட ஆரம்பிச்ச வீடு. வெள்ளைக்காரங்க இந்த நாட்டுல கட்டி இன்னும் நிக்கிற வீடுகள்ல இதுதான் ரொம்ப பழசு.

வீட்டுக்காரர் ஜான் மெக்கார்தர். பட்டாளத்துல லெப்டினன்டா வந்தவர், பண்ணைக்காரரா ஆனவர், கவர்னரையே கவுத்தவர், கடைசில சட்ட மேலவை உறுப்பினர். பழைய ரெண்டு டாலர் நோட்டுல மெரினோ (மெல்லிசு கம்பளிக்கு பேர்போன ஸ்பெயின் செம்மறி வகை) கிடாயோட இவர் படம்தான் இருந்தது. ஆஸ்திரேலிய கம்பளித் தொழிலோட தந்தைன்னு புத்தகத்துல எல்லாம் போட்டிருக்கு.

என் பொண்ணு அங்க ஒரு கேள்வி கேட்டா. "அப்பா, இவரு 1801ல இருந்து 1805 வரைக்கும் ஊர்ல இல்ல, 1809ல இருந்து 1817 வரைக்கும் ஊர்ல இல்ல, அப்ப ஆட்ட யாரு பாத்துக்கிட்டா?" அன்னைல இருந்து இத பத்திதான் படிச்சிட்டு இருக்கேன். தெரிஞ்சவங்க எழுதுங்க. முதல்ல எனக்கு தெரிஞ்சத போடறேன்.

பிறந்தது 1767, இங்கிலாந்துல பிளிமத் பக்கம். அப்பா துணிக்கடைக்காரர். 15 வயசுலயே பட்டாளத்துல சேந்தார், ஆனா சண்டை முடிஞ்சு 1783ல பாதி சம்பளத்தோட வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அஞ்சு வருஷம் டெவன் கிராமத்துல இருந்தார், விவசாயம்னா என்னன்னு அங்கதான் கண்ணால பாத்திருக்கார். 1788ல எலிசபெத் வீல்ங்கற பொண்ண கல்யாணம் பண்ணிக்கிட்டார். அடுத்த வருஷம் நியூ சவுத் வேல்ஸ் கோர்னு புதுசா ஒரு படை எடுத்தாங்க, சிட்னிக்கு போய் கைதிகள காவல் காக்கறதுக்கு. யாரும் போக விரும்பாத இடம், அதனால பதவி சுலபமா கிடைக்கும், இவரும் சேந்துட்டார்.

வந்த கப்பல் நெப்டியூன். கிளம்பறதுக்கு முன்னாடியே கேப்டனோட துப்பாக்கி சண்டை! அந்த ரெண்டாவது கப்பல் கூட்டத்துல வந்த கைதிகள்ல கால்வாசி பேர் செத்துட்டாங்க, அதுலயும் நெப்டியூன்தான் மோசம். எலிசபெத் கைக்குழந்தையோட, வயித்துலயும் பிள்ளையோட, கைதிப் பெண்கள் இருந்த அறைக்கு பக்கத்து அறைல அந்த நாத்தத்துல அடைஞ்சு கிடந்தாங்க. நடுக்கடல்ல இன்னொரு கப்பலுக்கு மாறினாங்க. வயித்துல இருந்த பிள்ளை குறைமாசத்துல பிறந்து இறந்துடுச்சு. 1790 ஜூன்ல சிட்னில இறங்கினப்ப ரெண்டு பேருக்கும் 23 வயசு வாக்குலதான் இருக்கும்.

புதுவரவு_22:
நல்ல இழை. ஒரு சந்தேகம், பட்டாளத்துக்காரருக்கு எப்படி நிலம் கிடைச்சது? காசு குடுத்து வாங்கினாரா?

ஹாரிஸ்பார்க்காரன்:
இல்ல நண்பா, மானியம். முதல் கவர்னர் ஃபிலிப் 1792 கடைசில ஊருக்கு போனதும் படைத் தலைவர் க்ரோஸ் பொறுப்புக்கு வந்தார், தன் ஆபீசருங்களுக்கு நிலத்த அள்ளிக் குடுத்தார். 1793 பிப்ரவரில மெக்கார்தருக்கு சிட்னிக்கு மேற்க பரமட்டால 100 ஏக்கர். அதுல 50 ஏக்கர முதல்ல வெட்டி சுத்தம் பண்ணினதுக்கு இன்னொரு 100 ஏக்கர். வேலை செய்ய கைதிகள், அவங்களுக்கு சாப்பாடு அரசாங்க கிடங்குல இருந்து. போதாக்குறைக்கு படையோட சம்பளப் பட்டுவாடா, அரசு வேலைகளோட மேற்பார்வை ரெண்டும் இவர் கைல. எந்த கைதி எங்க வேலைக்கு போகணும்னு முடிவு பண்றவரே பண்ணை வச்சிருந்தா எப்படி இருக்கும்னு பாத்துக்கோங்க. ஒரே வருஷத்துல 400 பவுண்டுக்கு விளைச்சல வித்தேன், இன்னும் குதிருல 1,800 புஷல் தானியம் இருக்குன்னு 1794ல அண்ணனுக்கு எழுதறார்.

சாராயத்தையும் சொல்லணும். காசுன்னு ஒண்ணு புழக்கத்துல இல்லாத காலனி. கப்பல்ல வர்ற ரம்ம ஆபீசருங்க கூட்டு சேந்து மொத்தமா வாங்கி பல மடங்கு விலைக்கு விப்பாங்க, கூலியும் ரம்லதான். சின்ன விவசாயி, தண்டனை முடிஞ்சு முப்பது ஏக்கர் வாங்கினவன், அவன் நிலம் ரம்முக்காக ஆபீசருங்க கைக்கு போச்சு. மெக்கார்தர் தனக்கும் ரம் வியாபாரத்துக்கும் பெரிய சம்பந்தம் இல்லன்னு சொல்லிக்கிட்டார், ஆனா அந்த கூட்டத்துல அவர் இருந்தார்ங்கறதுல எனக்கு சந்தேகமே இல்ல.

பட்டிக்காரர்:
வணக்கமுங்க. நான் காங்கேயம் பக்கம், மூணு தலைமுறையா செம்மறி வச்சிருக்கோம். எனக்கு அரசியல் தெரியாதுங்க, ஆட்டப் பத்தி சொல்றேன்.

தம்பி எழுதினதுல முக்கியமான ஒண்ணு விட்டுப்போச்சு. அந்த மனுஷன் மொதல்ல வாங்குனது மெரினோ இல்லீங்க, நம்ம கல்கத்தாவுல இருந்து கப்பல்ல போன வங்காள ஆடு! 60 பெட்டையும் குட்டியும்னு அவரே சொல்லியிருக்காரு. வங்காள ஆட்டுக்கு மேல கெட்டி மயிருதான், எங்க மேச்சேரி மயிலம்பாடி ஆட்டுக்கு இருக்கற மாதிரி, கம்பளி கெடையாது. அப்பறம் அயர்லாந்து கிடாய் ஒண்ணும் ரெண்டு பெட்டையும் ஒரு கப்பல்ல வந்துது, அத வாங்கி சேத்து விட்டாரு. பொறந்த குட்டிக்கு மயிரும் கம்பளியும் கலந்த தோலு. இத கண்ணுல பாத்ததுக்கு அப்பறந்தான், கிடாய மாத்துனா ரோமத்த மாத்தலாம்னு தோணுச்சாம். ஆட்டுக்காரனுக்கு இது எவ்வளவு பெரிய வெசயம்னு தெரியும். நம்மாளு பொலி கிடாய்க்கு எதுக்கு அவ்வளவு காசு குடுக்கறான்? நூறு பெட்டைக்கு நாலு கிடாய், குட்டியில பாதி ரத்தம் அந்த நாலோடது. நாலஞ்சு தலைமுறை நல்ல கிடாயா போட்டுக்கிட்டே வந்தா மந்தையே வேற ஆயிரும்.

மெரினோ வந்தது 1797லங்க. நன்னம்பிக்கை முனையில கார்டன்னு ஒரு டச்சு தளபதி, ஸ்பெயின் ராஜா டச்சுக்காரருக்கு குடுத்த ஆட்டோட வம்சத்த வச்சிருந்தாரு. அவரு செத்த பொறவு சம்சாரம் அத வித்தாங்க, சிட்னியில இருந்து தானியம் மாடு வாங்கப் போன ரெண்டு கப்பல் கேப்டனுங்க வாங்கியாந்தாங்க. நெறைய செத்துப்போச்சு. மிச்சத்த நாலஞ்சு பேரு பிரிச்சுக்கிட்டாங்க, மெக்கார்தரு அதுல ஒருத்தர் மட்டுந்தான். வாங்குன மத்தவங்கள்ல சில பேரு கறிக்காக கண்டபடி கலந்து விட்டாங்க, இவரு தனியா வச்சாரு.

டூங்காபி_அக்கா:
வணக்கம் எல்லாருக்கும். நான் 1996ல இஞ்ச வந்தனான், டூங்காபில இருக்கிறன். பட்டிக்கார அண்ணை எழுதினத வாசிச்சு சந்தோசமா இருந்தது. எங்கட டூங்காபியும் இந்தக் கதையில வருது. 1801ல ஃபோவோ எண்ட இன்னொரு ஆபீசர் இஞ்ச இருந்த தன்ர காணியையும் ஆயிரத்துக்கு மேல செம்மறியையும் 2,000 பவுணுக்கு மெக்கார்தருக்கு வித்திட்டார். அதோட இவர் காலனியிலயே பெரிய மந்தைக்காரர் ஆயிட்டார்.

ஆனா அந்த ஆடுகள வாங்கின கையோட ஆள் கப்பல் ஏறிட்டார். ஏனெண்டா அந்த செப்டெம்பர்ல தன்ர மேலதிகாரி கேணல் பற்றர்சனோட துவக்குச் சண்டை பிடிச்சு அவற்ற தோள்ல சுட்டுப்போட்டார். கவர்னர் கிங் இவர கைது செய்து இங்கிலாந்துக்கு விசாரணைக்கு அனுப்பினார். அப்ப இஞ்ச ஆடுகளோட நிண்டது ஆர்? எலிசபெத். ஹாரிஸ்பார்க் தம்பியின்ர மகள் சரியான கேள்வி கேட்டிருக்கிறா, பிள்ளைக்கு என்ர வாழ்த்த சொல்லுங்கோ.

1801ல தகப்பன் போகேக்க ஏழு வயசு மகன் ஜோனையும் படிப்புக்கெண்டு கூட்டிக்கொண்டு போனார். அந்தப் பிள்ளை பிறகு திரும்பி வரவே இல்ல, லண்டன்லயே வளந்து 1831ல அங்கயே செத்துப்போனார். தாய் அவரை ஏழு வயசில பாத்ததுதான் கடைசி. என்ர தம்பியும் சின்ன வயசில வெளிக்கிட்டவன், பிறகு நாங்கள் சந்திக்க 19 வருசம் எடுத்தது, அதால நான் இந்த இடத்த வாசிக்கேக்க புத்தகத்த மூடி வச்சிட்டு கொஞ்ச நேரம் இருந்தனான்.

நிலக்கோட்டை_வாத்தியார்:
வணக்கம். நான் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியர். அக்கா எழுதியதற்குத் தொடர்ச்சியாக அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த மனிதரின் அதிர்ஷ்டம் முழுக்க அதில்தான் இருக்கிறது.

கிங் அனுப்பின கப்பல் புயல்ல சிக்கி இப்போதைய இந்தோனேசியாவுல இருக்கிற அம்போய்னா தீவுக்குப் போய்ச் சேர்ந்தது. அங்க கிழக்கிந்தியக் கம்பெனியோட ரெசிடென்ட், அதாவது தலைமை அதிகாரி, ஃபார்குவார்ங்கிற இளைஞர். அவருக்கு ஒரு சிக்கல்ல மெக்கார்தர் துணையா நின்னார். அந்த இளைஞரோட அப்பா யார் தெரியுமா, வேல்ஸ் இளவரசருக்கே வைத்தியர்! லண்டன்ல பெரிய இடத்துக் கதவெல்லாம் அப்படித் திறந்தது. இவர் மேல குத்தம் சொல்லி கிங் எழுதி அனுப்பின கடிதக் கட்டு வழியிலேயே காணாம போச்சு, யார் எடுத்தாங்கன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. சாட்சியமெல்லாம் சிட்னியில, விசாரணை லண்டன்ல, அப்புறம் எங்க நடக்கும்?

பெட்டியில கம்பளி மாதிரிகள் வச்சிருந்தார். நெப்போலியன் காலம், ஸ்பெயின் கம்பளி எப்ப நிக்கும்னு ஆலைக்காரங்க பயந்துக்கிட்டு இருந்தாங்க. சரியான ஆள்கிட்ட சரியான நேரத்துல போய் நின்னார். 1804ல அமைச்சர் கேம்டன் பிரபு 5,000 ஏக்கர் தர உத்தரவு போட்டார், நல்லா வந்தா இன்னும் 5,000. லண்டன் பக்கம் கியூங்கிற இடத்துல மன்னரோட மெரினோ மந்தை ஏலத்துக்கு வந்தப்ப அதுலயும் வாங்கினார். பட்டாளப் பதவியை விட்டுட்டு 1805ல ஊர் திரும்பினார். கப்பல் பேர் ஆர்கோ, பொன் ஆட்டுத்தோல் தேடிப் போன கிரேக்கக் கதையில வர்ற கப்பல் பேர்! கைதியா போனவர் ஜமீன்தாரா வந்து இறங்கினார். இவரைப் பத்தி கிங் முன்னாடியே எழுதியிருந்தார், காலனியில பாதி ஏற்கனவே இந்த ஆள்கிட்ட இருக்கு, மீதிப் பாதியும் போக ரொம்ப நாள் ஆகாது, இவர் பதவியோட திரும்பி வர்றதா இருந்தா கவர்னராத்தான் வரணும்னு.

புதுவரவு_22:
வாத்தியார் ஐயா அருமை. கவர்னர கவுத்த கதையும் சொல்லுங்க.

நிலக்கோட்டை_வாத்தியார்:
சொல்றேன் தம்பி. 1806ல வந்த கவர்னர் வில்லியம் பிளை, பவுன்ட்டி கப்பல் கலகத்துல மாலுமிகள் படகுல இறக்கி விட்ட அதே பிளை. ரம் வியாபாரத்தை நிறுத்தணும்னு வந்தவர், நேர்மையானவர், ஆனா வாய் ரொம்ப மோசம். ஆட்டைப் பத்தி பேசப் போனப்ப, உன் ஆட்டுக்கும் எனக்கும் என்னய்யா சம்பந்தம், நாட்டுலயே நல்ல இடத்துல 5,000 ஏக்கர் வாங்கிட்ட, அதை நீ வச்சிருக்க விடமாட்டேன்னு பிளை கத்தினதா மெக்கார்தர் பின்னாடி சாட்சி சொன்னார். இது மெக்கார்தர் வாய்மொழி, அதை மனசுல வச்சுக்கிட்டுத்தான் படிக்கணும்.

உரசல் எங்க வெடிச்சதுன்னா, மெக்கார்தருக்குப் பங்கு இருந்த பரமட்டாங்கிற கப்பல்ல ஒரு கைதி ஒளிஞ்சு டஹிட்டிக்குத் தப்பிச்சுட்டான். அதுக்கு 900 பவுண்டு ஜாமீன் பறிமுதல்னாங்க. இவர் கட்டமாட்டேன், கப்பலே எனக்கு வேண்டாம்னு கைவிட்டுட்டார். சம்மன் வந்தது, போகல. கைதானார். 1808 ஜனவரி 25ல விசாரணை. நீதிபதி அட்கின்ஸ் எனக்குப் பல வருஷமா கடன் பாக்கி, இவர் என்னை விசாரிக்கக் கூடாதுன்னு மெக்கார்தர் எழுந்து நின்னு வாசிச்சார். கூட உக்கார்ந்திருந்த ஆறு பேரும் படை ஆபீசர்கள், அவங்க இவர் பக்கம். அட்கின்ஸ் எழுந்து போயிட்டார். பிளை அந்த ஆறு பேர் மேலயும் ராஜத்துரோகம்னு சொன்னார். அதுக்கு மேல படை சும்மா இருக்குமா? மறுநாள் சாயங்காலம், காலனி ஆரம்பிச்சு சரியா 20 வருஷம் ஆன அதே ஜனவரி 26, மேஜர் ஜார்ஜ் ஜான்ஸ்டன் தலைமையில துருப்பெல்லாம் கொட்டு முழக்கத்தோட கவர்னர் மாளிகைக்குப் போய் பிளையைச் சிறை வச்சது. ரம் கலகம்ங்கிற பேர் அப்புறம் வந்தது, காரணத்துல ரம் ஒரு பங்குதான், நிலமும் அதிகாரமும் பெரிய பங்கு.

சில மாசம் மெக்கார்தர் சம்பளம் இல்லாத காலனிச் செயலாளரா இருந்து ஆட்சியை நடத்தினார். 1809ல தங்கள் பக்க நியாயத்தைச் சொல்ல ஜான்ஸ்டனோட லண்டன் போனார். 1811ல ராணுவ நீதிமன்றத்துல ஜான்ஸ்டனுக்குப் பதவி போச்சு. மெக்கார்தர் சிவிலியன், அதனால அங்க விசாரிக்க முடியாது, ஆனா சிட்னியில கால் வச்சா கைதுன்னு உத்தரவு. துப்பாக்கியைத் தூக்கினவர் ஜான்ஸ்டன், மூளை இவர். ஜான்ஸ்டன் தண்டனை வாங்கிட்டு ஊர் திரும்பி பண்ணையைப் பார்த்தார், இவர் எட்டு வருஷம் திரும்ப முடியாம இங்கிலாந்துல கிடந்தார்.

பிளைக்கு அடுத்து வந்த கவர்னர் மக்வாரி ஸ்ரீரங்கப்பட்டணத்துல திப்பு சுல்தானுக்கு எதிரான 1799 போர்ல இருந்தவர். அந்தக் காலத்துல இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஒரே ஆட்கள் நடந்து போன பாதைதான்.

டூங்காபி_அக்கா:
அந்த எட்டு வருசத்தத்தான் நான் சொல்ல வந்தனான். புருசன் சண்டை பிடிச்சிட்டு போயிட்டார், இஞ்ச எலிசபெத் ஃபார்ம், கேம்டன் பிரபு குடுத்த காணி இருந்த காம்டன் எண்டு ரெண்டு இடத்தையும் எலிசபெத்தான் பாத்தா. காம்டன் பரமட்டாவில இருந்து நல்ல தூரம், அப்ப ரோட் எண்டு சொல்ல ஒண்டும் இல்ல. குதிரையில போவா, கைதி வேலையாட்கள வேலை வாங்குவா, எந்தக் கிடாய எந்தப் பெட்டையோட விடுறதெண்டு பாப்பா, கம்பளிய கழுவிக் கட்டி லண்டனுக்கு கப்பல்ல ஏத்துவா. அவர் அங்க இருந்து கடிதத்தில ஆலோசனை எழுதுவார், கடிதம் வர ஆறு மாசம், பதில் போக ஆறு மாசம். ஒரு வருசம் பழைய ஆலோசனைய வச்சு ஆடு வளக்க ஏலுமே? முடிவெடுத்தது அவதான்.

அவரும் கடிதங்களில அத ஒப்புக்கொண்டு நன்றி சொல்லியிருக்கிறார், அது அவற்ற நல்ல குணம். ஆனா 1822ல லண்டன் கலைச் சங்கம் ரெண்டு தங்கப் பதக்கம் குடுத்தது அவருக்கு. 15,000 றாத்தல் நல்ல கம்பளி இறக்குமதி செய்ததுக்கு ஒண்டு, தரத்துக்கு ஒண்டு. அதுக்கு முதல் வருசம் ஒரு பொதி றாத்தல் 10 ஷில்லிங் 4 பென்சுக்கு ஏலம் போய் அந்தக் காலத்துக்கு சாதனை. 1817ல திரும்பி வந்தவர், 1822ல பதக்கம். ஒரு மந்தைய திருத்த எத்தினை வருசம் செல்லும் எண்டு பட்டிக்கார அண்ணைய கேளுங்கோ.

பட்டிக்காரர்:
அக்கா சொல்றது நூத்துக்கு நூறு சரிங்க. செம்மறி குட்டி போட்டு, அது வளந்து, அதுல நல்லத பொறுக்கி, அது குட்டி போட்டுன்னு ஒரு தலைமுறைக்கு ரெண்டு ரெண்டரை வருசம் வேணும். 1822 பதக்கத்து கம்பளி, 1809க்கும் 1817க்கும் நடுவுல யாரு கிடாய கழிச்சுக் கட்டுனாங்களோ அவங்க கண்ணுல இருந்து வந்ததுங்க.

கண்ணுன்னு ஏன் சொல்றேன்னா, நான் ஊட்டிக்குப் பக்கம் சாண்டிநல்லா ஆட்டுப் பண்ணைக்கு ஒரு தடவ போனேன். அங்க நீலகிரி ஆடு இருக்குது. அதுவும் போன நூத்தாண்டுக்கு முந்துன நூத்தாண்டுல நம்ம கோயமுத்தூர் ஆட்டோட டாஸ்மேனியா மெரினோவும் இன்னும் ரெண்டு சீமை ஆடும் கலந்து வந்ததுதானுங்க, அதனால மெக்கார்தரு தொடங்குன வேலையோட ஒரு வாலு நம்ம மலையிலயும் இருக்குது. அங்க வேலை பாக்கற ஒரு பெரியவரு ஆட்ட கால் நடுவுல நிறுத்தி, தோள்பட்டைக்கிட்ட ரெண்டு கட்டை வெரலாலயும் ரோமத்த பிரிச்சுக் காட்டுனாரு. மேல பாத்தா அழுக்குப் பழுப்பு, செம்மண்ணு ஒட்டியிருந்துது. உள்ள பிரிஞ்ச எடத்துல பாலாடை மாதிரி வெளுப்பு, அடியில ரோஸ் தோலு, ஒவ்வொரு இழையும் பொடி அலையா சுருண்டிருந்துது. அந்த அலை எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு மெல்லிசு கம்பளின்னாரு. வெரல எடுத்தா மெழுகு மாதிரி பிசுபிசுப்பு, ராத்திரி சாப்பிடற வரைக்கும் அந்த வாசம் போகல. அப்பறம் அதே ஆட்டுத் தொடைக்கிட்ட பிரிச்சாரு, அங்க முரடு. தோளுக்கும் தொடைக்கும் வித்தியாசம் கம்மியா இருக்கற கிடாய்தான் நிக்கோணும், மத்ததெல்லாம் கறிக்குன்னாரு. பள்ளிக்கூடம் படிச்சு வர்ற வேலை இல்லீங்க. அந்தம்மா அத கத்துக்கிட்டிருக்காங்க.

யாரா_கரை:
மெல்பர்ன்ல இருந்து எழுதுறேன். எல்லாரும் ஆட்டையும் குடும்பத்தையும் பேசுறீங்க, நிலம் யாரோடதுன்னு யாரும் பேசல. பரமட்டான்ற பேரே அங்க இருந்த பரமட்டகல் மக்களோடது, விலாங்கு மீன் கிடக்கிற இடம்னு அர்த்தம். காம்டன் தரவால் மக்களோட பூமி. கேம்டன் பிரபு லண்டன்ல உக்காந்து யாரோ ஒருத்தர் நிலத்த இன்னொருத்தருக்கு எழுதிக் குடுத்தார். எதுக்கு அந்த இடமே வேணும்னு மெக்கார்தர் கேட்டார் தெரியுமா? 1788ல ஓடிப்போன அரசாங்க மாடுங்க சில உருப்படி, 1795ல பாத்தா நேப்பியன் ஆத்தோரம் பெரிய மந்தையா மேஞ்சுட்டு இருந்தது. அவ்வளவு நல்ல புல். அந்தப் புல் தானா வரல, பல தலைமுறையா அந்த மக்கள் காலம் பாத்து தீ வச்சு பராமரிச்ச மேய்ச்சல் நிலம் அது, கங்காரு வந்து மேயறதுக்காக.

1814ல இருந்து 1816 வரைக்கும் வறட்சி, அந்தப் பக்கம் ரெண்டு தரப்புலயும் சாவு, மேய்ப்பருங்களும் செத்தாங்க. 1816 ஏப்ரல்ல வாத்தியார் ஐயா சொன்ன அதே மக்வாரி படை அனுப்பினார். ஏப்ரல் 17 விடியக்காலைல ஆப்பின் பக்கம் தூங்கிட்டு இருந்தவங்கள சுட்டும், மலை விளிம்புல இருந்து விழ வச்சும் குறைஞ்சது 14 பேர கொன்னாங்க, பொம்பளைங்க குழந்தைங்க உட்பட. மெக்கார்தர் அப்ப அங்க இல்லதான். ஆனா அந்த நிலம் ஆட்டுக்காரங்களுக்கு பயமில்லாம ஆனது அப்படித்தான். எலிசபெத்த பாராட்டறப்பவும் இது பக்கத்துல இருக்கணும். அவங்களும் அந்த நிலத்துலதான் ஆடு மேச்சாங்க.

டூங்காபி_அக்கா:
யாரா கரை தம்பி, நீங்கள் சொன்னது சரி, நான் அத எழுதாம விட்டது பிழை. காணி பறிபோறதெண்டா என்னெண்டு எனக்கு நல்லா தெரியும், நாங்களே வலிகாமத்தில உயர் பாதுகாப்பு வலயமெண்டு வீட்ட விட்டுட்டு வந்தனாங்கள். இப்ப நான் இருக்கிற வீட்டுக் காணியும் தருக் மக்களின்ர எண்டது எனக்கு இஞ்ச வந்து கன காலத்துக்குப் பிறகுதான் விளங்கினது.

அந்த ரெண்டு டொலர் தாள் 1988ல நிப்பாட்டி நாணயமாக்கினவை. நாணயத்தில இருக்கிறது ஒரு ஆதிவாசிப் பெரியவர். 1928ல மத்திய ஆஸ்திரேலியாவில ஆதிவாசிகள சுட்டுக் கொண்ட கோனிஸ்டன் படுகொலையில தப்பின ஒருத்தற்ற படத்த பாத்து கீறினது. நான் கடையில வேலை செய்த காலத்தில ஒரு நாளைக்கு நூறு தரம் அந்தக் காச கையில எடுத்திருப்பன், ஆரெண்டு தெரியாம.

நிலக்கோட்டை_வாத்தியார்:
யாரா கரை சொன்னதை முழுசா ஏத்துக்கிறேன். ஆனா ஒரு இடத்துல எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. மெக்கார்தரை வெறும் நிலம் பிடிச்சவர்னு முடிச்சா, மத்த ஆபீசர்களுக்கும் இவருக்கும் என்ன வித்தியாசம்னு விளங்காது. நிலம் வாங்கினவங்கள்ல ரொம்பப் பேர் வித்துட்டு ஊருக்குப் போனாங்க. இவருக்கு இந்தக் காலனி எதை ஏற்றுமதி பண்ணும்ங்கிற யோசனை இருந்தது. இவ்வளவு தூரக் கப்பல் கூலி தாங்கணும்னா எடை குறைச்சலா, கெடாத, விலை கூடின சரக்கு வேணும், கம்பளி அப்படிப்பட்டது. பாதிரியார் மார்ஸ்டனும் நல்ல மந்தை வச்சிருந்தார், தன் கம்பளியில நெய்த கோட்டைப் போட்டுக்கிட்டு மூணாம் ஜார்ஜ் மன்னரையே பார்த்தவர், ஒருவேளை ஆடு வளர்ப்புல இவரைவிடக் கெட்டிக்காரர். ஆனா லண்டன் அமைச்சகத்தை அசைச்சவர் மெக்கார்தர்.

அரசியலும் அதுலதான் வந்து நிக்குது. இனிமே பொது விஷயத்துல தலையிடக் கூடாதுங்கிற நிபந்தனையோட 1817ல திரும்ப விட்டாங்க. அவரால சும்மா இருக்க முடியுமா? காலனி நிர்வாகத்தை விசாரிக்க லண்டன்ல இருந்து வந்த பிக்ங்கிற கமிஷனர்கிட்ட, பெரிய நிலக்கிழார்கள் கையில நிலமும் கைதி உழைப்பும் இருக்கணும்னு வாதாடினார், அறிக்கையும் பெரும்பாலும் அப்படியே போச்சு. தண்டனை முடிஞ்ச கைதிகள் ஜூரியில உக்காரக் கூடாதுங்கிற பக்கம் நின்னார். 1824ல லண்டன்ல இவர் மகன் ஜான் ஓடியாடி ஒரு விவசாயக் கம்பெனி ஆரம்பிச்சார், பத்து லட்சம் ஏக்கர் மானியம். 1825ல இவர் சட்ட மேலவை உறுப்பினர், கவர்னர் நியமிக்கிற பதவிதான், ஓட்டெல்லாம் கிடையாது. ஒரு கவர்னரைச் சிறை வச்ச ஆள், 17 வருஷம் கழிச்சு இன்னொரு கவர்னருக்கு ஆலோசகர். ராணுவ உடுப்பைக் கழட்டினாலும் கடைசி வரைக்கும் கட்டளை போடற மனுஷனாத்தான் இருந்தார், எந்தக் கவர்னரோடயும் ஒத்துப்போனதில்ல.

ஹாரிஸ்பார்க்காரன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நான் கேட்டதவிட நிறைய கிடைச்சது. அவரோட கடைசி காலத்த நான் எழுதறேன், மியூசியத்துல அத சொன்ன அறைலதான் எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு.

அவருக்கு ரொம்ப காலமா மனச்சோர்வு இருந்திருக்கு. மகன் ஜான் லண்டன்ல செத்த சேதி வந்ததுக்கு அப்புறம் முழுசா நிலைகுலைஞ்சார். 1832ல மனநிலை சரியில்லன்னு அறிவிச்சு மேலவைல இருந்து நீக்கினாங்க. எலிசபெத் தனக்கு துரோகம் பண்ணிட்டாங்கன்னு சொல்ல ஆரம்பிச்சார். அவர் இல்லாத அத்தனை வருஷம் அந்த வீட்டையும் மந்தையையும் கட்டிக் காப்பாத்தினவங்க, தன் வீட்டுல இருந்தே வெளிய போய் தங்க வேண்டியதாயிடுச்சு. அவர காம்டனுக்கு கொண்டு போனாங்க. 1834 ஏப்ரல் 11ல அங்கயே இறந்தார். அவர் ஆசப்பட்ட பெரிய மாளிகை அப்ப கட்டி முடியல, அடுத்த வருஷம்தான் முடிஞ்சது. எலிசபெத் 1850 வரைக்கும் இருந்தாங்க, இங்கிலாந்துக்கு ஒரு தடவ கூட திரும்பிப் போகல. அந்த 1850 வாக்குல ஆஸ்திரேலிய கம்பளி பிரிட்டன் சந்தைல ஜெர்மன் கம்பளிய தாண்டிடுச்சு.

வாத்தியார் ஐயா, நீங்க சொன்னத யோசிச்சேன். லண்டன அசைச்சது அவர்தான், ஒத்துக்கறேன். ஆனா லண்டன்ல அவர் காட்டின கம்பளி எந்த கைல இருந்து வந்ததுன்னு பாத்தா, தந்தைன்னு ஒருத்தர மட்டும் சொல்றது எனக்கு சரியா படல. என் பொண்ணு சார்ட்ல அவர் படத்துக்கு பக்கத்துல அவங்க படத்தையும் அதே அளவுல ஒட்டியிருக்கா, கீழ ஆப்பின் பத்தி ரெண்டு வரி எழுதணும்னு இப்ப யாரா கரை பதிவ காட்டினதும் சொல்றா, எழுத சொல்லியிருக்கேன்.

இன்னொண்ணு, காம்டன் பக்கத்துல மெனாங்கில்ங்கற ஊர்ல மாநில அரசோட கால்நடை ஆராய்ச்சி நிலையத்துக்கு எலிசபெத் மெக்கார்தர் பேர்தான் வச்சிருக்காங்க. காம்டன் மந்தையோட வாரிசு ஆடுகளையும் அந்தப் பக்கம்தான் வச்சு காப்பாத்திட்டு இருக்காங்க.

பட்டிக்காரர்:
தம்பி, அந்த ஆட்ட பாக்க முடியுமுங்களா? போட்டோ இருந்தா போடுங்க. கழுத்து மடிப்பு எப்படி இருக்குது, முகத்துல ரோமம் எவ்வளவு தூரம் வருதுன்னு பாக்கோணும். இப்ப ஆஸ்திரேலியாவுல இருக்கற மெரினோ பாதிக்கு மேல பின்னால பெப்பின்னு ஒரு குடும்பம் உருவாக்குன பெரிய உடம்பு வகைன்னு கேள்விப்பட்டேன். பழைய காம்டன் ஆடு சிறுசா இருக்கோணும்.

ஹாரிஸ்பார்க்காரன்:
ஆமாண்ணே, உருவம் சின்னதுதான்னு சொல்றாங்க. மெக்கார்தரோட பழைய காம்டன் பண்ணையான பெல்ஜெனி ஃபார்ம்ல கேட்டுப் பாக்கறேன். காம்டன் பார்க் மாளிகை வருஷத்துல ஒரு வாரக்கடைசி மட்டும் திறப்பாங்க, செப்டம்பர்ல. ரெண்டு பேரோட கல்லறையும் அந்த எஸ்டேட்லயே மேட்டு மேல இருக்கு. நானும் பொண்ணும் போறோம். டூங்காபி அக்கா, கார்ல இடம் இருக்கு, வர்றீங்களா?

டூங்காபி_அக்கா:
கட்டாயம் வாறன் தம்பி. போற வழியில ஆப்பினுக்கும் ஒருக்கா போவம், அங்க நினைவுக்கல் ஒண்டு வச்சிருக்கினம். திகதிய மட்டும் முதலே சொல்லுங்கோ, நான் வேலைக்கு லீவு போடோணும்.